கம்பியில் குத்திய காகிதங்கள்: அம்பையிலிருந்து தரங்கம்பாடி வரை

முதல் நாள் – அம்பாசமுத்திரம்

அப்பாவின் ஆண்டுத் திதி நேற்று முடிந்தது. பாபநாசம் படித்துறையில் தம்பி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தான். இன்று காலையில் காபி குடித்த கையோடு அம்மா பிரஸ் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஏட்டி, கெளம்புறதுக்கு முன்னால அந்தக் கம்பிகளை ஒருதரம் தூசி தட்டிருவோம்."

எங்கே கிளம்புகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா 1974-இல் இந்த ஊரில் ஒரு டிரெடில் மெஷினோடு, அதாவது காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷினோடு, அச்சகம் தொடங்கியவர். பார்க்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஊர்கள் இரண்டு: புன்னக்காயல், தரங்கம்பாடி. தமிழ் அச்சின் கதையில் இரண்டுக்கும் பெரிய இடம் உண்டு. ஒருதடவைகூட அவர் போகவில்லை. முகூர்த்த மாசம் முடியட்டும் என்பார். அது முடிந்தால் கோயில் கொடை நோட்டீஸ் வரும். அதன்பின் பள்ளிக்கூடம் திறக்கும், ரசீதுப் புத்தகம் கேட்டு ஆள் வரும். ஆகவே இப்போது நாங்கள் போகிறோம். தம்பியின் கார், அம்மா, நான். நடுவில் சிவகாசி. அங்கே எதற்கு என்பது அன்றைக்கு.

கம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதியை அப்பா கம்பியில் குத்தி வைப்பார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடைத் திறப்பு, நாடக நோட்டீஸ், பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், மில் சங்கத்துத் துண்டுப் பிரசுரம், எல்லாமே. உத்திரத்தில் கொக்கி போட்டுத் தொங்கும் கம்பிகள். அடியில் பழைய காலம், மேலே போகப் போகப் புதிய காலம். மொத்தம் பதினொரு கம்பி தொங்குகிறது. கீழே உள்ள தாள்கள் பழுப்பேறி, குத்திய ஓட்டையைச் சுற்றித் துரு வட்டமாக இறங்கியிருக்கிறது.

அவற்றில் அதிகம் இருப்பது துட்டிக் காகிதம், சாவுச் செய்தி சொல்லும் நோட்டீஸ். "துட்டிக் காகிதத்துக்குத் துட்டு வாங்கப்படாது" என்பது அப்பாவின் சட்டம். தாளுக்கான காசு மட்டும், அதுவும் கொடுக்க முடிந்தவர்களிடம். ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது "அண்ணாச்சி" என்று கதவைத் தட்டுவார்கள். அந்தக் குரலை வைத்தே அம்மா விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள், வந்தவருக்கு ஒரு கட்டங்காப்பி. அப்பா பெரிய மர எழுத்துகளை எடுத்துப் பெயரைக் கோர்ப்பார். விடிவதற்குள் சுவரில் ஒட்டப் போஸ்டர் போய்விடும். பெயரை மட்டும் மூன்று தடவை கேட்பார். தலைப்பெழுத்து என்ன, ணகரமா னகரமா, ஊர்ப் பெயர் முன்னாலா பின்னாலா. "இது இவுக பேரு கடைசியா அச்சாகுத காகிதம்லா, தப்பா இருக்கப்படாது" என்பார்.

தூசி தட்டும்போது பரணில் ஒரு பொட்டலம் கிடைத்தது. பழைய நாளிதழில் சுற்றி, உள்ளே சணல் நூலால் இறுக்கிக் கட்டிய ஈய எழுத்துகள், உள்ளங்கை அகலம். 2006-இல் எழுத்துகளையெல்லாம் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டபோது இந்த ஒரு மேட்டர், கோர்த்துக் கட்டிய எழுத்துக் கட்டு, மட்டும் எப்படித் தப்பியது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிய எழுத்தைப் படிக்க எனக்கு ஐந்து வயதிலேயே வரும், நேர் எழுத்தைவிட அதைத்தான் முதலில் கற்றேன். ஆனால் இதில் பழைய மை கட்டியாக உறைந்து, அதன்மேல் ஈயம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எண்கள் இருப்பது மட்டும் விரலுக்குத் தெரிந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் – புன்னக்காயல்

எங்கள் ஆறு எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேதான் புன்னக்காயல். பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி, எங்கள் காசிநாதர் கோயில் படித்துறையைத் தொட்டுப் போகிறது. அதே தண்ணீர் கடலில் கலக்கும் இடம் இது. ஆற்றோடே போவோம் என்று அம்மா சொன்னதால் சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று வந்தோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வண்டியை நிறுத்தினோம். 2023 டிசம்பர் வெள்ளத்தின் சுவடு வழியெல்லாம் இன்னும் தெரிகிறது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது.

அம்மாவுக்கு 1992 ஞாபகம் வந்துவிட்டது. அந்த நவம்பரில் எங்கள் பக்கம் ஆறு ஊருக்குள் புகுந்தது. பிரஸ்ஸில் கீழ்த்தட்டில் இருந்த ரீம் காகிதம் எல்லாம் ஊறி வீங்கிவிட்டது. கரண்ட் கிடையாது. ஆனால் டிரெடிலுக்குக் கரண்ட் எதற்கு, கால் இருந்தால் போதும். மேல்தட்டில் நனையாமல் கிடந்த தாளை எடுத்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள், எங்கே வேட்டி சேலை கிடைக்கும், யார் யாரைத் தேடுகிறார்கள் என்று ஒரு நோட்டீஸ் அடித்தார் அப்பா. நான் பெடலை மிதித்தேன். அப்பா வலது கையால் தாளை வைத்து இடது கையால் எடுத்தார். மெஷின் வாய் திறந்து மூடும் கணக்குக்கு அவர் கை போய்வரும். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

புன்னக்காயலில் ஆற்றின் வாய் அகலமாக, சத்தமில்லாமல் கிடக்கிறது. வள்ளங்கள், காயும் வலை, மாதா கோயில் மணி. 16-ஆம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் இங்கே தங்கி, தமிழைப் படித்து, தமிழில் எழுதினார். போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்த நாட்டில் அச்சாகிய முதல் புத்தகம் அதுதான். 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' இந்தப் புன்னக்காயலிலேயே அச்சானது என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு இதில் பிடித்த சேதி வேறு. எழுத்து வார்க்கவும் அச்சிடவும் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையில் முத்துக் குளித்த, மீன் பிடித்த பரதவ மக்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அன்றைக்கு வாசிக்கத் தெரிந்திருக்கும்? "தனக்கு வாசிக்கத் தெரியாட்டாலும் புள்ளைக்கு ஆகும்னு கொடுத்திருக்காக பாரு" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அம்மா கரையோரம் தண்ணீரில் கால் நனைத்து நின்றாள். "நம்ம படித்துறைத் தண்ணிதானட்டி இது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் – சிவகாசி

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினோம், சாத்தூரில் வெள்ளரிக்காய். பதினொரு மணிக்குச் சிவகாசி.

இந்த ஊருக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள உறவு கொஞ்சம் சிக்கலானது. அப்பா கல்யாணக் கார்டு வாங்க மாதம் ஒருமுறை இங்கேதான் வருவார். எங்கள் பிரஸ் மூடியதற்கும் ஒருவகையில் இந்த ஊர்தான் காரணம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சுத் தொழில் அப்புறம் காலண்டர், டைரி, கார்டு என்று வளர்ந்தது. ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். ஆப்செட்டில் நாலு கலரில் மணிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும்போது, ஒரு கலரில் காலால் மிதித்து அடிக்கும் எங்களால் என்ன செய்ய முடியும்? 90-களின் நடுவில் கம்ப்யூட்டர் வந்ததும் எழுத்துக் கோர்க்கும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கப்புறமும் பத்து வருஷம் அப்பா தள்ளினார். தான் எழுத்துக் கோர்க்கக் கற்றுக்கொடுத்த இரண்டு பெண்களுக்கு வேறு வழி கிடைக்கட்டும் என்றுதான். ஒருவருக்குக் கூட்டுறவுக் கடையில் வேலை கிடைத்தது. இன்னொருவர் டைப்பிங் படித்து டிடிபி சென்டர் போட்டார், இன்றைக்கு ஊரிலேயே பெரிய கடை. அப்பா போனபோது கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரை அந்த அக்காதான் அடித்துக்கொண்டு வந்தார். தம்பி பணத்தை நீட்ட, "துட்டிக் காகிதத்துக்கா?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

எங்கள் டிரெடிலை 2006-இல் வாங்கியவரின் பட்டறை ஒரு சந்துக்குள் இருக்கிறது. மெஷின் இன்னும் ஓடுகிறது! அச்சடிக்க அல்ல, மிட்டாய்ப் பெட்டிக்கு அட்டை வெட்டி மடிப்புக் கோடு போட. பெடலைக் கழற்றி மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். மை வட்டும் உருளைகளும் இல்லை. ஆனால் தாள் வைக்கும் பலகை அதே பலகை. வலது ஓரத்தில் அப்பாவின் மணிக்கட்டு உரசி உரசி, ஒரு ரூபாய் அகலத்துக்கு மரம் வழவழவென்று குழிந்திருக்கும். அந்தக் குழியில் இப்போது வேறொருவர் மணிக்கட்டு. அறுபது வயதிருக்கும் அவருக்கு. நாங்கள் யார் என்று சொன்னதும் ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். அம்மா பலகையில் கையை வைத்தாள், எடுக்கவில்லை. நான் வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பையிலிருந்த பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். பிரித்ததும் முதலில் அவர் பார்த்தது நூலை. மூலையில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் ஏறாமல் பக்கத்தில் படிந்து, கடைசி முனையைக் குச்சியால் உள்ளே செருகியிருந்தது. "நல்ல கை, தாயி. இப்படிக் கட்டினா தூக்கி எறிஞ்சாலும் ஒரு எழுத்து உதிராது" என்றார். மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். மை கரைந்து கருப்பாக வழிந்தது. பக்கத்து ஆப்செட்காரரிடம் சுண்டுவிரல் அளவு மை வாங்கிவந்து, கண்ணாடித் தட்டில் தேய்த்து, சின்ன உருளையால் எழுத்தின்மேல் உருட்டினார். தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, ஓரத்தைப் பிடித்து உரித்தார்.

"திருத்தம். முகூர்த்த நேரம் காலை 7.30 மணி என்று வாசிக்க வேண்டுகிறோம். பிழை எங்களுடையது. அச்சகத்தார்."

அம்மா அப்படியே கட்டிங் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். அறைக்கு வந்த பிறகுதான் பேசினாள். தம்பிக்கு அப்போது ஆறு வயது, அவனுக்குச் சைக்கிளில் போனது மட்டும் ஞாபகம். எனக்குப் பாதி தெரியும். மீதியை இன்று ராத்திரி சொன்னாள்.

1987 வைகாசி. ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணம், நானூறு பத்திரிகை. ஒரே நாளில் ஏழு கல்யாண வேலை. அப்பாவே கோர்த்து, ராத்திரி அப்பாவே புரூஃப் பார்த்தார். 7.30 என்பது 9.30 ஆகிவிட்டது. அந்தப் பத்திரிகையைப் பார்த்து வருகிறவர்கள் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேருவார்கள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பெண்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஓடி வந்தார், பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. அவர் கத்தவில்லையாம். பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாராம். அப்பா பிரஸ்ஸைப் பூட்டிவிட்டார். முகூர்த்த மாதத்தில், மூன்று நாள். திருத்தச் சீட்டு நானூறு அடித்து, யார் யாருக்குப் பத்திரிகை போனது என்று பட்டியல் வாங்கி, தம்பியைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பிரம்மதேசம், மன்னார்கோவில் என்று வீடு வீடாகப் போனார். எதற்குத் தம்பி? "புள்ளையக் கூட்டிட்டுப் போனா வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்காரச் சொல்லுவாக, நின்னு வெளக்கமாச் சொல்லலாம்னு நெனைச்சாக." வெளியூர்க்காரர்களுக்குத் தந்தி. கல்யாணத்தன்று அதிகாலையிலிருந்து மண்டப வாசலில் நின்று, ஏழரைக்கு முன்னால் வந்த ஒவ்வொருவரையும் பட்டியலில் டிக் அடித்தாராம்.

"கடைசிவரைக்கும் எத்தனை பேர் வரலைன்னு ஒங்கப்பாவுக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "ஆறு பேரு. அந்த ஆறு வீட்டுக்கும் அப்புறம் போய்ச் சொல்லிட்டு வந்தாக."

அந்தச் சீட்டின் எழுத்துகளைப் பிரித்துக் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், போடாமல் பத்தொன்பது வருஷம் கட்டியே வைத்திருக்கிறார். எடைக்குப் போடும்போதும் அதை மட்டும் எடுத்துவைத்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பட்டறைக்காரர் பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நான்காம் நாள் – வழியில்

முழுநாளும் பயணம். மதுரை, தஞ்சாவூர், மயிலாடுதுறை. வயல் பச்சையைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள். எழுத வேறொன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் – தரங்கம்பாடி

1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய நுழைவாயில் வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டும். ராஜ வீதி நேராகக் கடலுக்கு இறங்குகிறது. 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை ஒருபக்கம், பாதியைக் கடல் தின்ற மாசிலாமணி நாதர் கோயில் இன்னொரு பக்கம்.

ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே இறங்கினார், 23 வயது. மணலில் விரலால் எழுதிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தவர் என்று சொல்வார்கள். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் கரை சேராமலே இறந்துபோனார். தமிழ் எழுத்து ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து 1713-இல் வந்து சேர்ந்தது, ஆனால் எழுத்து பெரிது, காகிதம் கொஞ்சம். சின்ன எழுத்து வார்க்க ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து அனுப்பிய பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள்.

அந்தப் பாலாடைக்கட்டி ஈயக் கதையை அப்பா எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். தேய்ந்த எழுத்தை உருக்கக் கொடுத்துப் புதுசு வாங்கும்போதெல்லாம் சொல்வார். ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்தால்தான் எழுத்து கெட்டியாக நிற்கும், வெறும் ஈயம் நசுங்கிவிடும் என்பார். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, பழைய ஆனைக்கொம்பு 'லை'யையும் 'னை'யையும் எல்லாரும் உருக்கக் கொடுத்தார்கள். அவர் ஒரு பாட்டில் நிறைய எடுத்துவைத்துக்கொண்டார். வயதானவர்கள் தங்கள் பெயரைப் பழைய எழுத்தில் கேட்டால் போட்டுக் கொடுப்பதற்கு.

1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போனோம். சீகன்பால்குவின் கல்லறை உள்ளேயே இருக்கிறது. 1719-இல் போய்விட்டார், 36 வயது. அம்மா செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எங்கள் ஊர்க் கோயிலில் நிற்பதுபோலக் கைகூப்பி நின்றாள். அப்புறம் முந்தானையிலிருந்து திருத்தச் சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து கடற்கரையில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "இதுக்கு ஃபைல் காப்பி கம்பியில இருக்கால?"

தம்பி யோசித்தான். "பார்த்த மாதிரி இல்லையேம்மா."

"இருக்காது. நானூறும் வேணும்னு ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. வீட்டுக்குப் போவோம்."

நாளை வேளாங்கண்ணி போகலாம் என்று திட்டம் போட்டிருந்தோம். போகவில்லை.

ஏழாம் நாள் – அம்பாசமுத்திரம்

நேற்று நடுராத்திரி வந்து சேர்ந்தோம். காலையில் நான் எழுவதற்குள் அம்மா பிரஸ்ஸைத் திறந்திருந்தாள். நான்காவது கம்பியைக் கழற்றித் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமானால் மேலே உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றிக் கழற்றி வரிசை குலையாமல் பாயில் அடுக்கினாள். 1990 கடை திறப்பு. 89 கொடை. 88-இல் யார் யாரோ செத்துப்போயிருந்தார்கள், ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றினேன். பத்து மணிக்கு 1987 வைகாசி வந்தது. மஞ்சள் தடவிய ஓரத்தோடு அந்தப் பத்திரிகை, 9.30 என்ற நேரத்தோடு.

அம்மா சீட்டை அதன்மேல் வைத்து, ஓட்டை நேராக வருகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, கம்பியில் குத்தினாள். பிறகு பாயில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.